முள்ளைத் தொடாமல் முள்ளைச் சரி செய்வது

பைக் மீட்டரில் முள் நடுங்குகிறது. அல்லது மேலே போய் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அல்லது நிஜத்தில் 60இல் போகும்போது 48 காட்டுகிறது. எந்தப் பட்டறையில் போய்ச் சொன்னாலும் மூன்றில் ஒரு பதில் வரும்.

"கேபிள் போயிருக்கும் சார், மாத்திடலாம்."

"கண்ணாடியக் கழட்டி, முள்ளப் புடுங்கி, சரியா வெச்சிடலாம்."

"இதெல்லாம் தொறக்கவே முடியாது சார். செட்டோட மாத்திடுங்க."

முதல் பதில் பல நேரம் சரி. இரண்டாவது பழைய வண்டிகளில் ஆபத்தானது. மூன்றாவதுதான் இன்று ஷோரூம் சர்வீஸ் தொடங்கி தெருமுனைக் கடை வரை வேதவாக்கு. எனக்கு வழக்கு பின் இரண்டோடுதான். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. எந்த மீட்டரில் முள்ளைக் கழற்றி வைப்பது தப்போ, அதைத் திறப்பது சுலபம். எந்த மீட்டரில் முள்ளைக் கழற்றி வைப்பதுதான் சரியான வைத்தியமோ, அதைத் திறக்க முடியாதபடி செய்து விற்கிறார்கள். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். கொஞ்சம் இயந்திரம் பேசாமல் அங்கே போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டரை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரத்தின் ஹப்பில் ஒரு சின்ன வொர்ம் கியர். அது கறுப்பு உறைக்குள் இருக்கும் உள்கேபிளைச் சுழற்றுகிறது. கேபிளின் மேல்முனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல், மயிரிழை இடைவெளியில், ஒரு அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. முள் அந்தக் கிண்ணத்தின் அச்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் காந்தம் சுழலும்போது கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கிறது. திரும்ப விடாமல் ஒரு மெல்லிய சுருள்வில் பிடித்து வைத்திருக்கிறது. வேகம் கூடக் கூட இழுப்பு கூடும், வில் அதற்கேற்ற அளவு விட்டுக்கொடுக்கும், முள் அவ்வளவு தூரம் ஏறும். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்சே 1902இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. அதற்கு அடுத்த நூறு வருஷம் காரிலும் பைக்கிலும் பெரும்பாலும் இதேதான் ஓடியது.

இதில் முள் எங்கே வருகிறது பாருங்கள். கடைசியில். சக்கரம், வொர்ம், கேபிள், காந்தம், கிண்ணம், வில் என்று ஆறு கை மாறி வந்த செய்தியை வாசிக்கிற ஆள் அது. வாசிக்கிறவன் தப்பாகச் சொன்னால் எழுதிக் கொடுத்தவனைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நம் ஆட்கள் வாசித்தவனின் கழுத்தைப் பிடித்துத் திருகுகிறார்கள்.

விசாரிக்க வழி இருக்கிறது. அந்த மீட்டருக்குள்ளேயே ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண் சக்கரங்கள், அதாவது ஓடோமீட்டர், அதே கேபிளில்தான் ஓடுகின்றன. ஆனால் நடுவில் காந்தமும் இல்லை, வில்லும் இல்லை. பல்லோடு பல் கோத்து ஓடும் கியர். அதற்குப் பலவீனம், வெயில், வயசு எதுவும் கிடையாது. ஓடும், இல்லையென்றால் நிற்கும். ஆகவே நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து 10 கல் ஓட்டிப் பாருங்கள். எண் சரியாக 10 ஏறியிருந்து, முள் மட்டும் தப்பாகக் காட்டினால், சக்கரத்திலிருந்து கேபிள் முனை வரை எல்லோரும் நிரபராதிகள். கோளாறு காந்தம், கிண்ணம், வில் என்ற மூவருக்குள் இருக்கிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பினால் கியரோ முன் டயர் அளவோ மாறியிருக்கிறது. வேறு மாடலின் வொர்ம் கியரை "இதுவும் பொருந்தும்" என்று மாட்டிவிடுவது நம் ஊரில் சகஜம். முன் சக்கரத்திலிருந்து ஓடும் மீட்டர் என்றால் பின் டயரை எதற்கு மாற்றினாலும் அதற்குத் தெரியாது. இரண்டுமே அசையவில்லையா, கேபிள் அறுந்திருக்கிறது அல்லது வொர்ம் பல் தேய்ந்திருக்கிறது. எண் ஓடுகிறது, முள் மட்டும் பிணம் மாதிரி கிடக்கிறதா, அப்போதுதான் மீட்டரைத் திறக்கும் பேச்சு.

அந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. கைக்கடிகாரமும் கல்லும் போதும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சீராகப் போய் 60 நொடி ஆனால் 60 கி.மீ. வேகம், 90 நொடி ஆனால் 40. இப்போது எல்லோர் போனிலும் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலி இருக்கிறது, நேர்ச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது அதையும் நம்பலாம். ஒன்று, நீங்கள் ஓட்டுங்கள், பின்னால் உட்காருபவர் போனைப் பார்க்கட்டும்.

இனி அந்த இரண்டாவது பதிலுக்கு வருவோம். முள்ளைப் பிடுங்கிச் சரியாக வைப்பது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. 40இல் போகும்போது 32 காட்டுகிறதா, முள்ளைப் பிடுங்கி எட்டுப் புள்ளி மேலே தள்ளி அழுத்தினால் 40 காட்டப்போகிறது. முடிந்தது வேலை.

முடியவில்லை. காந்தம் பலமிழந்த மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இழுப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40க்கு 32 காட்டும், 60க்கு 48 காட்டும், 80க்கு 64 காட்டும். அதாவது தப்பு ஒரே அளவு தப்பு இல்லை; வேகத்தோடு வளருகிற தப்பு. முள்ளை எட்டுப் புள்ளி தள்ளி வைத்தபின் என்ன ஆகிறது? 40இல் சரியாக 40. மெக்கானிக் தெருவில் ஒரு ரவுண்டு அடித்துப் பார்ப்பது இந்த வேகத்தில்தான், "பாத்தீங்களா சார், கரெக்ட்" என்பார். 60இல் போகும்போது 56 காட்டும். 80இல் போகும்போது 72. பழுது பார்க்கும் முன்னால் உங்களுக்கு மீட்டர் மேல் சந்தேகம் இருந்தது. 64 என்று காட்டினாலும் உடம்பு "இது 64 இல்லடா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது சந்தேகம் போய்விட்டது, தப்பு மட்டும் பாக்கி. அதுவும் எந்த வேகத்தில் தப்பு உயிருக்கு ஆபத்தோ அந்த வேகத்தில். இதைப் பழுது நீக்கம் என்று எப்படிச் சொல்வது? பழுதை மறைத்தல் என்றுதான் சொல்வேன்.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. புது வண்டி வாங்கியவர்கள் போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மீட்டர் அஞ்சு கி.மீ. கூடக் காட்டுது, சரி பண்ணணும்" என்று வருகிறார்கள். கூடக் காட்டுவது பெரும்பாலும் பழுதே இல்லை, திட்டமிட்டுச் செய்வது. ஐரோப்பா முதலிய இடங்களில் பின்பற்றப்படும் ஐ.நா. ஒழுங்குவிதி 39, வகை அனுமதிக்கான சோதனையில் மீட்டர் நிஜ வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, மேலே காட்டினால் நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் கூட 4 கி.மீ.யும் வரை போகலாம் என்கிறது. நிஜத்தில் 80 என்றால் 80 முதல் 92 வரை எது காட்டினாலும் பாஸ். 79 காட்டினால் ஃபெயில். ஆக உற்பத்தியாளர்கள் கொஞ்சம் மேலேயே வைத்து அனுப்புகிறார்கள். அந்த "அஞ்சு" ஒரு பாதுகாப்பு விளிம்பு. அதை முள்ளைத் தள்ளிச் "சரி" செய்தால், நாளைக்கு டயரோ காந்தமோ கொஞ்சம் மாறும்போது மீட்டர் கீழே காட்டும் பக்கம் விழுந்துவிடும்.

முள்ளைப் பிடுங்குவதில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய மீட்டர்களில் வண்டி நிற்கும்போது முள் ஒரு சின்ன ஊசி போன்ற தடுப்பின் மேல் சாய்ந்திருக்கும். அதுதான் பூஜ்யம் என்று நினைத்துக்கொள்கிறோம். சில டயல்களில் பூஜ்யமே இருக்காது, 10இலோ 20இலோ எண் தொடங்கும், கவனித்திருக்கிறீர்களா? காரணம், வில்லுக்கு ஆரம்பத்திலேயே கொஞ்சம் முறுக்கு கொடுத்து வைத்திருக்கிறார்கள். முள்ளை அந்தத் தடுப்புக்கு மேலாக மெதுவாகத் தூக்கி அந்தப் பக்கம் விட்டால், அது இன்னும் கீழே போய் ஒரு இடத்தில் தானாக நிற்கும். வில்லின் நிஜமான ஓய்விடம் அது. மீட்டர் வேலை தெரிந்தவர்கள் முள்ளைக் கழற்றும் முன்னால் இதைச் செய்து, அந்த ஓய்விடத்தில் டயல் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்வார்கள். திரும்ப மாட்டும்போது முள்ளை அந்த டேப்பின் மேல் வைத்து அழுத்திவிட்டு, பிறகு தூக்கித் தடுப்பின் இந்தப் பக்கம் போடுவார்கள். இது தெரியாதவர் என்ன செய்கிறார்? முள்ளைப் பிடுங்கியதும் வில் ஓய்விடத்துக்குப் போய்விடுகிறது. தடுப்பின் மேல் முள்ளை வைத்து அழுத்திவிடுகிறார். தடுப்பு 20ஆம் எண் பக்கம் என்றால் அன்றிலிருந்து அந்த மீட்டர் எல்லா வேகத்திலும் சுமார் 20 கூடவே காட்டும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் முள் அழகாகப் பழைய இடத்திலேயே இருக்கும். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முள்ளைக் கழற்றும் விதத்தைப் பற்றித் தனியாக ஒரு வசை எழுதலாம். ஸ்க்ரூ டிரைவரை ஒரு பக்கம் மட்டும் கொடுத்து நெம்பினால் ஊசி கனத்தில் இருக்கும் அச்சு வளையும். அச்சு வளைந்தால் கிண்ணம் காந்தத்தை உரசும். டயல் மேல் ஒரு அட்டையை வைத்து, இரண்டு டீஸ்பூனை எதிரெதிரே கொடுத்து, ஒரே சமயத்தில் தூக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். டீஸ்பூன் இல்லாத வீடு இல்லை.

சரி, காந்தம் பலமிழந்தால் என்னதான் செய்வது? காந்தத்துக்கு மறுபடி பலம் ஏற்றுவதுதான் வழி. தொழிற்சாலையிலேயே காந்தத்தை முழு பலத்துக்கு ஏற்றிவிட்டு, டயல் எண்ணுக்குச் சரியாக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தை இறக்கித்தான் அளவு வைப்பார்கள். விகிதத் தப்பை விகிதம் மாற்றித் திருத்துவது. இதைச் செய்யும் கருவி வைத்திருக்கும் மீட்டர் கடைகள் முன்பு பெரிய ஊர்களில் இருந்தன, குறைந்துகொண்டே வருகின்றன. சோதிக்கத் துளையிடும் மின்சார டிரில் போதும், சுற்று வேகம் தெரிந்திருந்தால். ஜப்பானிய மீட்டர்களில் 60 கி.மீ.க்குக் கேபிள் நிமிஷத்துக்கு 1400 சுற்று என்பது வழக்கமான கணக்கு. 60 கி.மீ. வேகம் என்றால் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆகக் கிலோமீட்டருக்கு 1400 சுற்று. பழைய பிஎம்டபிள்யூ பைக் டயலில் டபிள்யூ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு தசம எண் இருக்கும்: மீட்டர் தூரத்துக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. பிரிட்டனின் ஸ்மித்ஸ் மீட்டர்களில் 1000, 1600 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், மைலுக்கு இத்தனை சுற்று என்று. அந்தக் காலத்து உற்பத்தியாளர் பழுது பார்ப்பவனுக்கு டயல் மேலேயே கடிதம் எழுதி வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

வெயில் விஷயமும் சொல்ல வேண்டும், யாரும் கண்டுகொள்ளாத ஒன்று. அலுமினியம் சூடாகும்போது அதன் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். தடை கூடினால் சுழல் மின்னோட்டம் குறையும், முள் இறங்கும். ஊட்டியில் விடிகாலை 10 டிகிரி, வேலூரில் மே மாத மதியம் 40 டிகிரி என்றால், அதே வேகத்துக்கு முள் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. காந்தத்தோடு ஒட்டி நிக்கல்-இரும்புக் கலவையில் ஒரு மெல்லிய வளையம் வைத்திருக்கிறார்கள். குளிரில் அது காந்தப்புலத்தில் ஒரு பகுதியைத் திருடி வைத்துக்கொள்ளும், சூடேறினால் திருட்டு குறையும். கிண்ணம் இழந்ததை வளையம் விட்டுக்கொடுத்து ஈடுகட்டும். மீட்டரைப் பிரித்தவர் "இது என்ன வாஷர், தேவையில்ல" என்று அந்த வளையத்தை டப்பாவில் போட்டுவிட்டால் அந்த மீட்டர் மார்கழியில் ஒன்று சொல்லும், சித்திரையில் ஒன்று சொல்லும்.

நடுங்கும் முள்ளுக்கு வருவோம். இதில்தான் முதல் பதில் ஜெயிக்கிறது. முள் தாளம் போட்ட மாதிரி மேலும் கீழும் ஆடினால் கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது எங்கேயோ மடங்கியிருக்கிறது. உள்கேபிள் ஒட்டிக்கொண்டு முறுக்கேறி, திடீரென்று விடுபட்டுச் சுழலும். அந்தத் துள்ளலை முள் அப்படியே ஒப்பிக்கிறது. கேபிளை உருவி, பளிங்குத் தரையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். வளைவில்லை என்றால் மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் தடவினால் போதும். இங்கே ஒரே ஒரு எச்சரிக்கை: மேல்முனையில் ஒரு சாண் அளவுக்குக் கிரீஸ் தடவாதீர்கள். உள்கேபிள் சுருள் சுருளாகப் பின்னியது. சுழலும்போது கிரீஸைத் திருகு மாதிரி மேலே ஏற்றும். மீட்டருக்குள் ஏறிய கிரீஸ் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் போய் உட்காரும். அப்புறம் அது சுழல் மின்னோட்டம் இல்லை, நேரடியாகக் கையைப் பிடித்து இழுப்பது. முள் சர்ரென்று கடைசி எண்ணுக்கு ஓடி ஒட்டிக்கொள்ளும். "மேல போய் ஒட்டிக்கிச்சு" என்று வரும் மீட்டர்களில் இதுவும் ஒரு காரணம். அதற்கு மருந்தாக மீட்டருக்குள் இன்னும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

ஆடுகிற முள் எல்லாம் பழுது என்றும் நினைக்க வேண்டாம். 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியாவின் பழைய புல்லட்டை ஓட்டியவர்களுக்கு ஹெட்லைட் கூட்டின் மேல் இருக்கும் குட்டி ஆம்ப் மீட்டர் ஞாபகம் இருக்கும். இண்டிகேட்டர் போட்டால் அந்த முள் இண்டிகேட்டரோடு சேர்ந்து துடிக்கும். ஐடிலில் ஹெட்லைட் எரிந்தால் கழித்தல் பக்கம் சாயும், ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் கூட்டல் பக்கம் வரும். பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, அதிலிருந்து வெளியே வருகிறதா என்பதை நொடிக்கு நொடி சொல்லும் முள் அது. ஆடினால்தான் உயிரோடு இருக்கிறது. அசையாமல் நடுவிலேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அதேபோல 1950களின் பிரிட்டிஷ் பைக்குகளில் இருந்த ஸ்மித்ஸ் க்ரோனோமெட்ரிக் ஸ்பீடோமீட்டரில் முள் வழுக்கிக்கொண்டு ஏறாது, படிப்படியாகத் தாவி ஏறும். உள்ளே ஒரு கடிகார வேலைப்பாடு, குறிப்பிட்ட நேரத்துக்குள் கேபிள் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, எண்ணி முடித்த பிறகுதான் முள்ளை நகர்த்தும். தெரியாதவர் கண்ணுக்கு அது கோளாறு. தெரிந்தவர்கள் அதற்காகவே அந்த மீட்டரைத் தேடி வாங்குகிறார்கள்.

பெட்ரோல் முள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டேங்குக்குள் மிதவை, மிதவையோடு ஒரு தடைக்கம்பி. சாதாரணப் பழைய வண்டிகளில், டேங்கிலிருந்து தள்ளி இருக்கும் கனெக்டரில் மிதவையின் ஒயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும், மீட்டர் பக்கத்து ஒயரை ஒரு நொடி வண்டி பாடியில் தொட்டால் மறு கோடிக்கு. இரண்டு கோடிக்கும் போய் வந்தால் முள் பத்தரைமாற்றுத் தங்கம், டேங்குக்குள் கையை விடுங்கள். தீப்பொறி, பெட்ரோல் ஆவி இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கம்ப்யூட்டர் வழியாக ஓடும் புது வண்டிகளில் இந்த விளையாட்டு வேண்டாம்.

முள்ளே குற்றவாளியாகும் சந்தர்ப்பங்களும் உண்டு, நியாயத்துக்கு அதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் பல வருஷம் வெந்த பிளாஸ்டிக் முள் வளைந்து டயலையோ கண்ணாடியையோ உரசும். முள்ளின் நடுக்குமிழ் விரிசல் விட்டு அச்சில் பிடிப்பில்லாமல் வழுக்கும். எண் ஓடியும் முள் கிடையாகக் கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதை. நிமிர்த்தலாம், ஒரு துளி பசையில் ஒட்டலாம். ஓய்விடத்தை மட்டும் கண்டுபிடித்துவிட்டு ஒட்டுங்கள்.

இப்போது கேபிளே இல்லாத வண்டிகள். சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ ஒரு சென்சார், அது அனுப்பும் துடிப்புகளை எண்ணும் ஒரு சிப், சிப் சொல்கிறபடி முள்ளை நகர்த்தும் ஒரு குட்டி ஸ்டெப்பர் மோட்டார். மோட்டார் சின்னச் சின்னப் படிகளாகச் சுழலும். கட்டைவிரல் நகம் மாதிரி கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது, முள் எங்கே இருக்கிறது என்று சிப்புக்குத் தெரியாது. "நூறு படி மேலே போ" என்று சொல்லும். போனதா என்று திரும்பிப் பார்க்காது. அதனால்தான் சாவி போட்டதும் முள் கீழே போய் முட்டுகிறது. முட்டும் இடம் பூஜ்யம், அங்கிருந்து எண்ணத் தொடங்கும். மேலே கடைசி எண் வரை ஒரு சுற்றுப் போய் வருவதில் பாதி ஷோதான், ஒத்துக்கொள்கிறேன். கீழே முட்டுவதுதான் வேலை.

இதில் முள் தப்பாகக் காட்டினால்? காந்தம், வில், வெயில் எதுவும் இல்லாததால் விகிதத் தப்பு மோட்டாரில் வர வழியில்லை. வந்தால் அது சென்சாரிலோ டயர் அளவிலோ இருக்கும். மோட்டார் பக்கம் வரும் தப்பு இரண்டு வகை. மோட்டாரின் குட்டிப் பல்சக்கரம் தேய்ந்து முள் நடுவழியில் நின்றுவிடும். இல்லையென்றால் முள் அச்சில் வழுக்கி, எல்லா வேகத்திலும் ஒரே அளவு தள்ளிக் காட்டும். இந்த இரண்டாவது வகைக்கு, "முள்ளப் புடுங்கி சரியா வெச்சிடலாம்" என்பது நூற்றுக்கு நூறு சரியான வைத்தியம். முதல் வகைக்கும் அந்தக் குட்டி மோட்டாரை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. கார் உலகத்தில் இது நிரூபணமான விஷயம். 2000களின் தொடக்கத்தில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் வண்டிகளில் இந்த மோட்டார்கள் வரிசையாகச் செத்தபோது, அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் வீட்டு மேஜையில் சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு புது மோட்டார்களை ஒட்டிக்கொண்டார்கள்.

நம் பைக்குகளில்? கண்ணாடியும் கூடும் உருக்கி ஒட்டிய ஒரே பெட்டி. திறந்தால் உடையும். பாகங்கள் பட்டியலில் மோட்டாருக்கு எண் கிடையாது, முள்ளுக்கு எண் கிடையாது. மொத்தப் பெட்டிக்கு ஒரே எண். கோயம்புத்தூர் பிரிக்கால் மாதிரி இரு சக்கர வாகன மீட்டர்களைப் பல வருஷமாகச் செய்கிற நிறுவனம் நம் பக்கத்திலேயே இருக்கிற ஊர் இது. மீட்டர் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அதைப் பிரித்துச் சரி செய்பவருக்குக் கடைத்தெருவில் ஒரு பாகம் கிடைக்காது.

பெட்டியை ஒட்டி அனுப்புவதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மழைத்தண்ணி உள்ளே போகக் கூடாது. பழைய வண்டிச் சந்தையில் கிலோமீட்டரைக் குறைத்து விற்கும் கலை நம் ஊரில் எவ்வளவு செழிப்பானது என்பதும் தெரிந்ததுதான். திறக்க முடியாத பெட்டி அதற்கு ஒரு தடை என்பார்கள். ஆனால் கடைசியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு முள் வழுக்கியதற்காக மொத்தப் பெட்டியையும் மாற்றுகிறோம். 47,000 கி.மீ. ஓடிய வண்டியில் புதுப் பெட்டி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பழைய அளவைப் புதுப் பெட்டியில் ஏற்றித் தருவதோ, மாற்றிய தேதியையும் அளவையும் பதிவு செய்து கையில் கொடுப்பதோ சர்வீஸ் சென்டரைப் பொறுத்தது. என் நண்பர் ஒருவருக்கு பில்லில் "மீட்டர் அசெம்ப்ளி - 1" என்ற வரியைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்டதற்கு, "வண்டி புதுசு மாதிரி ஆயிடுச்சு, சந்தோஷப்படுங்க சார்" என்றார்களாம். கிலோமீட்டர் மோசடியைத் தடுக்க ஒட்டிய பெட்டி, ஒரு முள்ளின் பேரில், சட்டப்படி பில் போட்டு, கிலோமீட்டரை அழித்துவிட்டது. செயின், பெல்ட், வால்வு இடைவெளி என்று கிலோமீட்டர் கணக்கில் பார்க்க வேண்டிய எல்லாவற்றுக்கும் இனி மனக்கணக்குதான். அந்த வண்டியை அடுத்து வாங்கப்போகிறவருக்கு அதுவும் இல்லை.

மீட்டர் வேலை செய்யாமல் ஓட்டுவதும் தீர்வில்லை. வண்டியில் வேகம் காட்டும் கருவி இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 117ஆவது விதி. சட்டம் முள்ளைக் கட்டாயமாக்குகிறது, சந்தை முள்ளைத் தனியாக விற்க மறுக்கிறது. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டபோது, விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்களோடு வாகனத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அதே வருஷக் கடைசியில் ஒரு இணைய வாயிலும் வந்தது. கையேடு, உதிரிபாக விலை, வாரண்டி விவரம் இவற்றை நிறுவனங்கள் அங்கே தர வேண்டும் என்பது எண்ணம். நல்லதுதான். ஆனால் பாகங்கள் பட்டியலிலேயே முள்ளுக்கு எண் இல்லாதபோது, விலை வெளிப்படையாக இருந்து என்ன, "அசெம்ப்ளி" விலைதான் வெளிப்படையாக இருக்கும்.

உற்பத்தியாளர்களிடம் மீட்டரைத் திறந்த வீடாக வைக்கச் சொல்லவில்லை. கேட்பது சில்லறை விஷயங்கள். கண்ணாடியை உருக்கி ஒட்டாமல் ரப்பர் வளையமும் நாலு ஸ்க்ரூவும் போட்டால் தண்ணி உள்ளே வராது. ஸ்க்ரூ மேல் உடைந்தால் தெரிகிற மாதிரி ஒரு முத்திரை ஒட்டிக்கொள்ளட்டும். கிலோமீட்டர் கணக்கை மீட்டருக்குள் மட்டும் வைக்காமல் இன்ஜின் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைக்கட்டும். முள், மோட்டார் இரண்டுக்கும் தனி எண் கொடுக்கட்டும். சர்வீஸ் கையேட்டில் அரைப் பக்கம்: பூஜ்யத்தில் முட்டி நிற்கும்போது முள் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும், கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு. ஸ்மித்ஸ்காரர்கள் டயலிலேயே பொடி எழுத்தில் போட்டது இதைத்தான்.

அதுவரை உங்கள் வண்டி மீட்டருக்கு இப்படி ஏதாவது வந்தால், பட்டறைக்குப் போகும் முன் அந்தப் 10 கல்லை ஓட்டி, முள் என்ன சொன்னது, எண் என்ன சொன்னது, கடிகாரம் என்ன சொன்னது என்று மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். 40இல் ஒரு தடவை, 60இல் ஒரு தடவை. "அண்ணே, எண் சரியா ஓடுது, முள்ளு மட்டும் ரெண்டு வேகத்துலயும் அஞ்சுல ஒரு பங்கு கம்மியா காட்டுது" என்று சொல்லிப் பாருங்கள். "செட்டோட மாத்திடுங்க" என்று சொல்ல வாயெடுத்தவர் கொஞ்சம் நிறுத்தி, சீட்டை வாங்கிப் பார்ப்பார். பெட்டியை மாற்றியே தீர வேண்டும் என்றால், பழைய மீட்டர் காட்டும் எண்ணைப் போட்டோ எடுத்து, அதையும் தேதியையும் பில்லில் எழுதச் சொல்லி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பெட்டியை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், உங்கள் காசு கொடுத்து வாங்கியது அது.